விசை செல்ல வேண்டிய வளையம்

சக்கரத்தைக் கண்டறிந்தமை மாந்த இனத்தின் பெருஞ்சாதனை என்று பாடநூல்கள் போற்றுகின்றன. போற்றுதல் முறையே. ஆயினும் சக்கரம் தனித்து எதனையும் சுமப்பதில்லை. சுழல்வதற்கும் சுழலாது நிற்பதற்கும் இடையே ஓர் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாடு நிகழும் இடம் சக்கரத்தின் நடுவே, கண்ணுக்குப் புலப்படாத இருளில் இருக்கிறது. வண்டியின் எடை முழுவதும் அந்தச் சிற்றிடத்தின் வழியேதான் நிலத்தை அடைகிறது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் ‘குடம்’ என்றனர். குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்பட்டு வட்டையைச் சென்று தாங்கும். குடத்தினுள் அச்சு நுழையும். அச்சின் முனையில் கடையாணி காவல் நிற்கும். இக்காலத்தில் பற்றுக்கருவியைக் குறிக்கும் ‘குறடு’ என்னும் சொல்லுக்குச் சக்கரக் குடம் என்னும் பொருளும் உண்டு என்பதை அகராதி காட்டும். வள்ளுவப் பெருந்தகை வலியறிதலைப் பேசுமிடத்து, மெல்லிய மயிற்பீலியேயாயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்கிறார். வினைத்திட்பத்தைப் பேசுமிடத்து, பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியைக் காட்டி உருவத்தை இகழாதே என்கிறார். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைக் கூறி, அதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகிறார். பழந்தமிழர் அச்சைப் பற்றி இத்துணைக் கவலை கொண்டமைக்குக் காரணம் வெளிப்படை. நடுவழியில் அச்சு பழுதுற்றால் அத்துடன் பயணம் முடிந்தது.

மரக் குடத்தில் அச்சு நேராக உரசிச் சுழன்றது. அவ்வுரசலைத் தணிக்க வண்டி மை இட்டனர். உரசுவதற்கு மாற்றாக உருளச் செய்தால் என்ன என்னும் எண்ணம் வளர்ந்து கருவியாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் நகரைச் சார்ந்த பிலிப் வாகன் என்பவர், வண்டியின் அச்சுக்கு இடையே குண்டுகளைப் பொருத்தும் முறைக்கு 1794இல் காப்புரிமை பெற்றார். ஆனால் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவினவாய், பிசகற்ற உருண்டைகளாய் அமைந்தாலன்றி இம்முறை பயன் தராது. ஒரு குண்டு சற்றே பெருத்திருந்தால் சுமை முழுவதும் அதன் தலைமேல் விழும். செருமனியின் சுவைன்ஃபர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இல் எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகத் தேய்த்தெடுக்கும் பொறியை ஆக்கிய பின்னரே இக்கருவி உலகெங்கும் பரவிற்று. 1907இல் சுவீடன் நாட்டு ஸ்வென் விங்குவிஸ்ட் என்னும் நெசவாலைப் பொறியாளர், அச்சு சிறிது சாய்ந்தாலும் தானே இணங்கிக்கொள்ளும் வகையொன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போரில், 1943 ஆகஸ்டு 17ஆம் நாளிலும் அக்டோபர் 14ஆம் நாளிலும் அமெரிக்க வானூர்திகள் சுவைன்ஃபர்ட் நகரைத் தேடிச் சென்று தாக்கின. அந்நகரில் பீரங்கித் தொழிற்சாலைகள் பெருகியிருந்தன என்பதனால் அன்று. இக்குண்டுகள் அங்கே செய்யப்பட்டன என்பதனாலேயே தாக்கின. சிறியதன் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்கருவியைத் தமிழில் ‘தாங்கி’ என்பர். பொருட்செறிவு மிக்க சொல். தாங்குவதே அதன் தொழில், பெயரும் அதுவே. பட்டறைக்குச் சென்று தாங்கி வேண்டும் என்றால் எவரும் எடுத்துத் தாரார். அங்கே அது ‘பேரிங்’. உள்ளிருக்கும் குண்டுகள் ‘பால்ரஸ்’. தெருவில் விளையாடும் சிறுவர்க்கும் அச்சொல் தெரியும். ஆகவே இக்கட்டுரையில் நாமும் பட்டறை வழக்கையே கைக்கொள்வோம்.

நம் வீட்டில் ஒரு மாருதி 800 வண்டி உண்டு. இவ்வகை வண்டியின் முதல் சாவி 1983 டிசம்பர் 14ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அம்மையாரால் வழங்கப்பெற்றது. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. நம் வண்டி 1998இல் வாங்கியது. பள்ளி ஆசிரியராய்ப் பணி நிறைவு பெற்ற வாப்பா, தம் சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்து அதனை வாங்கினார்கள். 15 ஆண்டு நிறைந்ததும் 2013இல் பதிவைப் புதுப்பித்தோம். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வருகின்றோம். வாப்பா மறைந்த பின்னரும் வண்டியை விற்க மனம் ஒப்பவில்லை. உம்மாவுக்கு அதன் முன் இருக்கையில் அமர்ந்து தூத்துக்குடியிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்று வருவதே பெரிய ஊர்வலம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை எவரும் மறந்திருக்க மாட்டார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. பொருநை கரை கடந்தது. நம் தெருவில் சக்கரங்கள் மூழ்கும் அளவுக்கு நீர் நின்றது. வண்டியும் அதில் நின்றது. பேரிங்குக்கு முதற்பகை நீர். விளிம்பிலுள்ள சீல் சிறிது தளர்ந்திருந்தாலும் நீர் உட்புகும், கிரீஸ் கெடும், எஃகு துருவேறும். அவ்வாறே முன் இடப்பக்கப் பேரிங் கெட்டது. வெள்ளம் வடிந்த நாள்களில் பட்டறைதோறும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சாலையோரப் பட்டறை ஒன்றில் அவசரமாகப் புதுப் பேரிங் மாட்டித் தந்தார்கள். நம் கண்முன்னே சுத்தியல் ஒலி கேட்டது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

எட்டுத் திங்கள்கூட நிறையவில்லை. 2024 ஆகஸ்டில் வண்டி மீண்டும் முனகத் தொடங்கிற்று. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டின் ரீங்காரம். 60ஐத் தொட்டால் அரவை ஆலையின் இரைச்சல். “வண்டிக்கும் வயசாகுது போலிருக்கு வாப்பா, அதுவும் முனகுது” என்றார்கள் உம்மா. கணக்கிட்டுப் பார்த்தால் அம்முனகலுக்கு நியாயம் உண்டு. இவ்வண்டியின் சக்கர வளையம் 12 அங்குலம். டயரோடு சேர்ந்த சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் சக்கரம் 600 முறைக்கு மேல் சுழல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒருமுறை சென்று சேர்வதற்குள் 30,000 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் குண்டுகள் நம் குடும்பத்தின் எடையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமக்கின்றன.

இம்முறை பாளையங்கோட்டையில் நெடுநாள் பழக்கமுள்ள அண்ணாச்சியின் பட்டறைக்குச் சென்றோம். அவர் உடனே கருவியை எடுக்கவில்லை. நம் அருகில் ஏறி அமர்ந்து நெடுஞ்சாலைக்கு வண்டியை விடச் சொன்னார். ஓரிடத்தில், “இப்பம் லேசா வலது பக்கம் ஒடிங்க சார்” என்றார். ஒடித்தோம், ஒலி கூடிற்று. இடப்பக்கம் ஒடித்தபோது ஒலி தணிந்தது. “கேட்டீகளா? வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்துல ஏறும். பாரம் ஏறும்போது கத்துதுன்னா, கத்துதது இடதுதான்” என்றார். தார்ச்சாலையிலும் சிமெண்டுச் சாலையிலும் ஓட்டிப் பார்க்கச் செய்தார். ஒலி மாறவில்லை. மாறியிருந்தால் டயரின் குற்றமாக இருக்கலாமாம். திரும்பும்போது ‘டக் டக்’கென்று கேட்டால் அது டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் குறை. பட்டறைக்குத் திரும்பி ஜாக்கியில் சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பற்றி அசைத்தார். பின்னர்ச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, மற்றொரு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தார். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றதே அது. நம் கையையும் வைக்கச் சொன்னார். மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரல்களில் ஏறிற்று.

வேலையைத் தொடங்க அண்ணாச்சி உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார். கிரீஸ் படிந்த கைகளோடு வெளியே வந்த இளைஞனைக் கண்டு நாம் திகைத்தோம். அவன் நம்மைக் கண்டு தலை குனிந்தான். நம் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவன். பயிலும் என்பதைவிடப் பெயர் பதிந்திருக்கும் மாணவன் என்பது பொருந்தும். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வெற்றிடங்கள் மிகுந்திருந்தன. அன்றுவரை நடந்த 50 வேலை நாள்களில் அவன் வந்தவை 29. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். வருகை குறைந்தோர் பட்டியல் அப்போதுதான் துறையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

அங்கே அதனைப் பேசுவது அழகன்று. வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே பெரிய ஆக்சில் நட்டைத் தளர்த்தினான். உயர்த்திய பின் அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் ஜாக்கி சரியக்கூடும் என்பதனால் அம்முறை. பின்னர் வண்டியை உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாது இரும்புத் தாங்குகால் வைத்தான். சக்கரம் கழன்றது. பிரேக் காலிப்பரைக் கழற்றி, அதன் எடை ரப்பர்க் குழாயில் தொங்காதபடி கம்பியால் சுருள்வில்லோடு கட்டினான். டை ராட் முனை, பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் போல்ட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, டிரைவ் ஷாஃப்டிலிருந்து நக்கிளை உருவி எடுத்தான். நக்கிள் என்பது பேரிங்குக்கு உறையாய் அமைந்த வார்ப்பிரும்புத் துண்டு. ஹப் என்பது சக்கரத்தைப் பூட்டும் சுழலும் குடம். நக்கிள் நிற்க, ஹப் சுழல, இரண்டுக்கும் நடுவே பேரிங்.

ஹப்பைத் தட்டி வெளியேற்றியபோது பேரிங்கின் உள்வளையம் ஒன்று அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இவ்வேலையில் இது வழக்கமாம். கிரைண்டரால் அவ்வளையத்தில் ஒரு கீற்று இட்டு, உளியால் ஒரு தட்டு தட்டினான், வளையம் பிளந்தது. ஹப்பின் உடலில் கீறல் விழாதபடி, ஆழம் பார்த்துக் கீற்றை நிறுத்திய நேர்த்தியைக் கண்டோம். கல்வெட்டுப் பொறிப்பவனுக்கு வேண்டிய கைக்கட்டுப்பாடு அது. எஞ்சிய பகுதியை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்தான்.

அண்ணாச்சி பழைய வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் ஏந்தினார். “சார், இங்க வந்து பாருங்க” என்றார். குண்டுகள் ஓடும் பாதையில் ஒரு புறம் எஃகு செதில் செதிலாய்ப் பெயர்ந்திருந்தது. எடையைச் சுமந்த புறம் அது. மறுபுறத்தில் பெயர்ச்சி இல்லை. ஆயின் சிறு சிறு குழிகள், அளந்து வைத்தாற்போல் ஒரே இடைவெளியில் இருந்தன. பேரிங்கின் கூட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள இடைவெளியும், குழிக்கும் குழிக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றே.

“இது ஓடித் தேஞ்சது இல்ல சார். மாட்டுத அன்னிக்கே செத்தது” என்றார் அண்ணாச்சி. விளக்கத்தை அவர் மாணவனிடம் விட்டார்: “ஏலே, உங்க சாருக்கு நீ சொல்லு.”

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “ஐயா, பேரிங்க உறைக்குள்ள எறக்கும்போது வெளி வளையத்துலதான் அமுக்கணும். ஏன்னா உறையில உக்காரப் போறது வெளி வளையம். ஹப்ப உள்ள விடும்போது உள் வளையத்துக்குத்தான் தாங்கல் குடுக்கணும். மாத்தி அடிச்சா அடி குண்டு வழியா போகும். குண்டு தாங்கும்; ஆனா குண்டு ஓடுத பாதையில குழி விழுந்துரும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் சுத்தும். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சத்தம் வரும்.”

பதினெட்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர் நாம். ஒரு கருத்தை இத்துணைச் சுருக்கமாக, காரணமும் விளைவும் முறைப்படி அமைய எடுத்துரைக்கும் மாணவரைப் பலமுறை கண்டதில்லை. இவனையா படிப்பு ஏறாதவன் என்று பட்டியலில் எழுதப்போகிறோம் என்னும் வினா எழுந்தது.

புதுப் பேரிங்கின் விலை சில நூறு ரூபாய்தான். உறையைத் துடைத்து, பிசிறு நீக்கி, வெளிவளையத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பழைய வளையத்தை மேலே வைத்துப் பிரஸ்ஸின் கைப்பிடியை மெல்ல இயக்கினான். சுத்தியல் ஒலி இல்லை. பேரிங் நேராக இறங்கி அடியைத் தொட்டு நின்றது. புதிய சீலைப் பொருத்தினான். பின்னர் உள்வளையத்திற்குத் தாங்கல் கொடுத்து ஹப்பை நுழைத்தான். எல்லாவற்றையும் மீண்டும் பூட்டி, சக்கரம் தரையில் ஊன்றிய பின்னர் ஆக்சில் நட்டைக் கையேடு குறிக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பூட்டுப் போட்டான். இறுக்கம் குறைந்தால் ஆட்டம் காணும், மிகுந்தால் சூடேறும். வேலை முடிய மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

அண்ணாச்சி உணவுக்குச் சென்ற வேளையில் அவனோடு தனியே பேசினோம். பதிவேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் தமிழ் எடுத்தாய் என்று மட்டும் கேட்டோம். பள்ளியில் கதை படிப்பதில் விருப்பம் என்றான். பிறகு ஏன் வகுப்புக்கு வருவதில்லை? நெடுநேரம் கைத்துணியால் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் பருவத்தின் முதல் திங்களில் ஒரு வகுப்பில் அவனை எழுந்து வாசிக்கச் செய்திருக்கிறார்கள். ழகரம் அவன் நாவில் வரவில்லை. மீண்டும் சொல், மீண்டும் சொல் என்று மும்முறை நிறுத்திச் சொல்ல வைத்திருக்கிறார்கள். மூன்றாம் முறை வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது. “அதுக்கப்புறம் எந்த வகுப்புன்னாலும் வாசிக்கச் சொல்லிருவாங்களோன்னு இருக்கும்யா. வரவே தோணாது. இங்க வந்துருவேன்” என்றான்.

அவ்வகுப்பு எவருடையது என்பது ஈண்டு வேண்டாத செய்தி. அவ்வாசிரியர் கெட்டவரும் அல்லர். ழகரம் தமிழுக்குச் சிறப்பெழுத்து. அதனைத் திருத்தமாக ஒலிக்கச் செய்தல் தமிழாசிரியர் கடனே. அவர் செலுத்திய விசையும் தேவையான விசைதான். ஆனால் அது சென்ற வழி தவறு. திருத்தம் சென்று அமர வேண்டிய இடம் நாவு. அதுவோ அவன் மானத்தின் வழியே இறங்கிற்று. அன்று வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவன் எழுந்தான், சொன்னான், அமர்ந்தான். ஓராண்டு கழித்துப் பதிவேட்டில் ஒலி கேட்டது.

நாம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தோம். அப்பருவத்தில் எஞ்சியிருந்த வேலை நாள்கள் 40. அத்தனைக்கும் வந்தால் 90இல் 69. 75 விழுக்காட்டைக் கடக்கும். இரண்டு நாள் தவறினாலும் கடக்காது. விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க நமக்கு விருப்பமில்லை. அது அவனுக்குச் செய்யும் சிறுமை. அண்ணாச்சியிடம் பேசினோம். “பையன் சாயங்காலம் வரட்டும் சார். கூலிய நான் கொறைக்கல” என்றார். எழுத்தறிவு பெரிதும் இல்லாத அப்பெரியவர் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை ஒரே வாக்கியத்தில் நிறைவேற்றிவிட்டார்.

துறையில் நாம் செய்தது சிறிதே. வகுப்பில் அவனை வாசிக்கச் சொல்வதில்லை என்று ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்தோம். பிற்பகல் வகுப்பு முடிந்ததும் துறை நூலகத்தில் பத்து நிமிடம், வேறெவரும் இல்லாத வேளையில், அவன் விரும்பும் சிறுகதை ஒன்றில் ஒரு பக்கம் உரக்க வாசிப்பான். பிழை நேர்ந்தால் நாவை எங்கே மடக்குவது என்று காட்டுவோம். மீண்டும் சொல் என்று சொல்வதில்லை. அடுத்த வரிக்குச் செல்வான். அடுத்த வரியிலும் ழகரம் வரத்தானே செய்யும்?

40 நாள்களில் 39 நாள் வந்தான். வராத அந்த ஒரு நாளில் நமக்கு உறக்கம் வரவில்லை. நவம்பரில் தேர்வெழுதினான். ஒரு தாளில் தேறவில்லை. அடுத்த பருவத்தில் அதனையும் எழுதித் தேறினான். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் இலக்கிய மன்றக் கூட்டத்தில், எவரும் அழைக்காமலே எழுந்து வந்து ஒரு நூல் மதிப்புரையை வாசித்தான். ழகரம் இன்னும் முழுமையாக வரவில்லை. சில இடங்களில் வந்தது. சில இடங்களில் ளகரமாயிற்று. எவரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிந்து ஒன்று கூறுவோம். நாம் அனைவரும் விசை செலுத்துபவர்களே. செலுத்தாமல் எந்த மாணவனும் தன் இடத்தில் சென்று அமர்வதில்லை. கண்டிப்பு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தளர்ந்த நட்டு சக்கரத்தையே கழற்றிவிடும். கேட்க வேண்டியது ஒன்றே: நாம் தரும் அழுத்தம் எவ்வளையத்தின் மேல் விழுகிறது? பிழையின் மேலா, பிழைத்தவன் மேலா? தனியறையில் சொன்னால் நாவில் அமரும் சொல், நாற்பது பேர் நடுவே சொன்னால் நெஞ்சில் குழி பறிக்கும்.

சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் தாங்கள் ஏழை மாணவர்க்கு வழங்கும் உதவி பல குடும்பங்களின் சுமையைத் தாங்குகிறது. அதற்குத் துறை என்றும் நன்றியுடையது. ஆயினும் அவ்வுதவியை மேடையில் பெயர் சொல்லி அழைத்து, தந்தையின் தொழிலையும் வறுமையையும் விரித்துரைத்து, நிழற்படத்திற்கு நிற்க வைத்து வழங்கும்போது, அந்தப் பணம் எதன் வழியே அவன் கைக்குச் செல்கிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாவண்ணம் கொடுத்தலின் சிறப்பை நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கட்டணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டை மட்டும் மாணவனிடம் சேர்ப்பித்தால் போதும். அழுத்தம் நேரே உறைக்குள் சென்று அமர்ந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. முதலாவது, உங்களுள் எவரேனும் கைத்தொழில் கற்றிருந்தால் அதனை மறைக்காதீர்கள்; அதனுள்ளும் இலக்கணம் உண்டு. இரண்டாவது, வகுப்பில் ஒருவன் தடுமாறும்போது எழும் சிரிப்பில் ஆசிரியருக்குப் பங்கு ஒன்று என்றால் உங்களுக்குப் பங்கு முப்பத்தொன்பது. சுத்தியலின் எடை பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நம் வண்டியின் இடப்பக்கச் சக்கரம் அதன்பின் முனகவில்லை. 1998இல் பிறந்த வண்டி இன்னும் எத்துணை ஆண்டு ஓடுமோ, இறைவன் அறிவான். அந்தப் பழைய வெளிவளையத்தை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கித் துறை மேசையின்மேல் தாள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறோம். வருகைக் குறைவுப் பட்டியலில் ஒரு பெயரை எழுதும் முன், அதிலுள்ள குழிகளை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது இப்போது துறையில் வழக்கமாகிவிட்டது.